நாற்காலியைச் சரிசெய்துவிட்டு ஆளைத் தேடுங்கள்

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பகுதியிலிருந்து ஓர் அறக்கட்டளைச் செயலாளர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவர்களுடைய அறக்கட்டளை 40 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையை நடத்துகிறது. வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பணம் தர முன்வந்ததால், சுற்றியுள்ள 22 கிராமங்களுக்காக நோய்த் தடுப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு தலைவர், ஆறு களப்பணியாளர்கள். தலைவராக வந்த இளைஞர் எட்டாவது மாதமே விலகிவிட்டார். "சம்பளம் போதவில்லை போலிருக்கிறது" என்கிறார் செயலாளர். மறுபடி விளம்பரம் கொடுத்ததில் மூன்று பேர் தேறியிருக்கிறார்கள். முதலாமவர், அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பேர்பெற்ற பொது மருத்துவர். வாரம் இரண்டு நாள் வருவதாகச் சொல்கிறார். இரண்டாமவர், சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்து 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மூன்றாமவர், சமூக மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த 31 வயதுப் பெண் மருத்துவர். சென்ற ஆண்டு திருமணமானவர்.

அறங்காவலர்கள் முதலாமவரையே விரும்புகிறார்கள். "அவர் பேருக்கே நன்கொடை வரும்." இரண்டாமவர் "டாக்டர் இல்லையே" என்று தயங்குகிறார்கள். மூன்றாமவர், நேர்காணலில் தம்மிடம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன கையோடு, "உங்கள் காய்ச்சல் பதிவேட்டைப் பார்க்கலாமா?" என்று திருப்பிக் கேட்டாராம். அது சிலருக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டிருக்கிறது. மகப்பேறு விடுப்பில் போய்விடுவாரோ, வயலிலும் வாய்க்காலிலும் அலைவாரோ என்ற கவலையும் இருக்கிறது. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பொது சுகாதாரத் துறையில் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி டெல்டா ஊர்களில்தான் கழிந்தது. மூவரில் யார் என்ற கேள்விக்கு வருவதற்கு முன், உங்கள் கடிதத்திலேயே இருக்கும் இன்னொன்றைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வந்தவர் ஏன் போனார்?

சம்பளம் என்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மற்ற விஷயங்களை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வெளிநோயாளர் பதிவேட்டில் காய்ச்சல்காரர்களின் ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ள அவர் அனுமதி கேட்டார். "களத்து ஆளுக்கு அது எதற்கு" என்று தலைமை மருத்துவர் மறுத்துவிட்டார். 500 ரூபாய்க்கு மேல் எந்தச் செலவுக்கும் பொருளாளர் கையெழுத்து வேண்டும். குளோரின் சோதனைப் பெட்டி வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. களப்பணியாளர்களை மருத்துவமனை முகாம்களுக்கு ஆள் திரட்ட அனுப்பினீர்கள். "எப்போது பார்த்தாலும் தெருப் படம் வரைந்துகொண்டிருந்தார், மருத்துவமனையில் உட்காரவே மாட்டார்" என்று ஒரு குறையும் சொல்லியிருக்கிறீர்கள். கடைசியாக, அறங்காவலர் ஒருவருடைய அரிசி ஆலைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரைப் பற்றி அவர் அறிக்கையில் எழுதியதால் "கொஞ்சம் மனவருத்தம்" வந்தது என்று போகிற போக்கில் குறிப்பிடுகிறீர்கள்.

ஐயா, அந்த இளைஞர் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார். நெல் ஊறவைத்த தண்ணீர் புளித்துக் கறுத்துக் கிடக்கும் பள்ளம் கியூலெக்ஸ் கொசுவுக்குத் தாய்வீடு. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அது. யானைக்கால் என்றாலே கும்பகோணம் என்று பேர் வாங்கியிருந்த வட்டாரம் நம்முடையது. அந்தப் பள்ளத்தைக் கண்டும் எழுதாமல் விடுகிறவரை நோய்த் தடுப்புக்குத் தலைவராக வைத்து என்ன பயன்?

புதிதாக வருகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அந்த நாற்காலி இப்போதிருக்கும் நிலையில் இன்னொரு எட்டு மாதம்தான் தாங்குவார். ஆகவே ஆணை கொடுப்பதற்கு முன் உங்கள் குழு கூடிச் சில தீர்மானங்களை எழுத்தில் நிறைவேற்றுங்கள். பிரிவின் தலைவர் தலைமை மருத்துவரின் கீழ் இல்லாமல் நேரே அறங்காவலர் குழுவுக்குப் பதில் சொல்பவராக இருக்கட்டும். அன்றன்றைய காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலை நோயாளிகளின் ஊரும் தெருவும் அன்று மாலைக்குள் அவர் கைக்கு வர வேண்டும். மாதம் இவ்வளவு தொகை வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கும் உரிமை வேண்டும். ஆறு களப்பணியாளர்களை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது. உங்கள் மருத்துவமனைத் தொட்டியில் கொசுப்புழு இருந்தாலும், குழு உறுப்பினர் வீட்டில் இருந்தாலும் அதை எழுதியதற்காக அவர்மீது எந்த நடவடிக்கையும் வராது என்பதையும் தீர்மானமாகவே போடுங்கள். இந்தக் கடைசித் தீர்மானத்துக்கு உங்கள் குழு ஒப்புக்கொள்ளவில்லை என்றால், நன்கொடையாளரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது மேல்.

பதிவேட்டைக் காட்டுவதில் தலைமை மருத்துவருக்கு இருக்கும் தயக்கத்தை நான் முழுதாகத் தள்ளவில்லை. நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும். எச்.ஐ.வி. தொடர்பான விவரங்களை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அவை இந்தப் பட்டியலில் வரவே கூடாது. மற்றவற்றுக்கு, பிரிவில் உள்ள எல்லோரிடமும் ரகசியக் காப்பு உறுதிமொழி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்புப் பணிக்கு வேண்டியது எந்தத் தெருவில், எந்தத் தேதியில், என்ன காய்ச்சல் என்பதுதான்.

முகாமும் புகையும் தடுப்பு ஆகுமா?

"இதுவரை 31 முகாம்கள், 4 விழிப்புணர்வுப் பேரணிகள், எல்லா ஊரிலும் இரண்டு முறை புகை மருந்து" என்று சாதனையாக எழுதியிருக்கிறீர்கள். உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முகாம் என்பது வந்துவிட்ட நோயைக் கண்டுபிடிப்பது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசுப் பணியாளர்களே வீட்டுக்கு வருகிறார்கள்; அதையே நீங்களும் செய்ய வேண்டியதில்லை. புகை மருந்து அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைக் கொல்லும். தொட்டியில் நெளியும் புழுவை அது தொடாது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அடுத்த வாரம் புதிய கூட்டம் கிளம்பிவிடும்.

நம் பகுதியில் டெங்குக் கொசு வளர்வது வயலில் அல்ல, வீட்டில். கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியே வரும் குடிநீர் கடைமடை ஊர்களுக்கு நாள்தோறும் வருவதில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் பிளாஸ்டிக் டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைக்கிறார்கள். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவிக் கவிழ்க்காத தொட்டியில்தான் டெங்கு வளர்கிறது. எலிக்காய்ச்சல் வேறு வழியில் வருகிறது: எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நாள் முழுவதும் நிற்கும் நடவுப் பெண்களுக்கும், எலிக்கிட்டி வைக்கும் தொழிலாளர்களுக்கும், வெள்ளம் வடியும்போது வாய்க்கால் வெட்டுகிறவர்களுக்கும். உண்ணிக்காய்ச்சல் புதர் ஓரம். எல்லாமே "காய்ச்சல்" என்ற ஒரே பெயரில் உங்கள் மருத்துவமனைக்கு வருகின்றன. அவற்றைத் தெருவாரியாகவும் தொழில்வாரியாகவும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டிய தலைவர். அந்த இளைஞர் வரைந்துகொண்டிருந்த தெருப் படம் அதற்காகத்தான்.

இதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. தடுப்புப் பணி வெற்றி பெற்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்து காலராவும் தட்டம்மையும் வாரிக்கொண்டு போகும் என்று எல்லோரும் அஞ்சினோம். பெரிய தொற்று எதுவும் வரவில்லை. குடிநீரில் குளோரின், முகாம்களில் கழிப்பிடம், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி, நாள்தோறும் காய்ச்சல் கணக்கு என்று சுகாதாரப் பணியாளர்கள் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். அவர்கள் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. வராத நோயைக் காட்டி யாரிடமும் நன்கொடை கேட்க முடியாது. எனவே உங்கள் தலைவரை அளக்க வேறு அளவுகோல்களை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: நூறு வீடு பார்த்தால் எத்தனை வீட்டில் புழு இருக்கிறது, கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சுகிறதா, ஒரு தெருவில் முதல் காய்ச்சல் பதிவானதிலிருந்து எத்தனையாவது நாள் களப்பணியாளர் அங்கே போய் நின்றார்.

மூவரில் யார்?

பேர்பெற்ற மருத்துவர் வேண்டாம். அவரை எனக்குத் தெரியாது; அவர் கைராசிக்காரராகவே இருக்கட்டும். வாரம் இரண்டு நாள் வந்து நாற்காலியில் அமர்ந்து நோயாளி பார்க்கிறவருக்கு இந்தப் பணி பொருந்தாது. நோயாளி தன்னைத் தேடி வருவார் என்பது சிகிச்சை மருத்துவரின் பழக்கம். நோய் எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிப் போவது இந்த வேலை. அவர் பெயர் நன்கொடைக்கு உதவும் என்றால் மருத்துவமனையின் கௌரவ ஆலோசகராக அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளரைப் பற்றி நீங்கள் எழுதிய "டாக்டர் இல்லையே" என்ற வார்த்தை என்னைச் சற்று வருத்தியது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு டெல்டா நகரத்தில் வாந்திபேதி பரவியது. நான் கிணறு, தொட்டி, ஓட்டல் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். என்னோடு இருந்த மூத்த ஆய்வாளர், "விடிகாலை 5 மணிக்கு அந்தத் தெருக்கோடிக் குழாயடிக்கு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். போனேன். தண்ணீர் திறந்ததும் முதல் இரண்டு குடம் கலங்கலாக, சாக்கடை வாடையோடு வந்தது. தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறையும்; விரிசல் இருந்தால் சுற்றியுள்ள கழிவுநீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தத் தெருவில் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடியது. ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே இணைப்பைத் துண்டித்துவிட்டோம். மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் கற்றுத்தராததை அந்தக் குழாயடியில் கற்றேன்.

உங்கள் அறக்கட்டளையின் பிரிவுக்கு மருத்துவப் பட்டம் பெற்றவர்தான் தலைமை தாங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் வெள்ளக் காலத்தில் எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை கொடுப்பது போன்ற முடிவுகளுக்கு மருத்துவர் கையெழுத்து வேண்டும். தலைமை மருத்துவரோடு சமமாக உட்கார்ந்து வாதாடவும் வேண்டும். உங்கள் மருத்துவமனையில் இப்போது நிலவும் மரியாதைக் கணக்கைப் பார்த்தால், ஆய்வாளரை அங்கே தனியாக விடுவது அவருக்குச் செய்யும் அநியாயமாகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

என் தேர்வு அந்த இளம் மருத்துவர். காரணம் அவருடைய பட்டம் அல்ல. காய்ச்சல் பதிவேட்டைக் கேட்டாரே, அதுதான். உங்களை விட்டுப் போனவர் கேட்டதும் அதையேதான். உங்களுக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்த அந்த ஒரு கேள்விதான் மூவரில் இந்த வேலையை யார் புரிந்துகொண்டிருக்கிறார் என்று காட்டுகிறது. நிதி இடம் கொடுத்தால் ஆய்வாளரையும் களப் பயிற்சியாளராக எடுத்துக்கொள்ளுங்கள். வயதில் இளைய ஒரு பெண்ணின் கீழ் பணியாற்றச் சம்மதமா என்று அவரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். அவரை மேற்பார்வைக்கு வைத்து அந்தப் பெண்ணின் ஒவ்வொரு முடிவையும் அவர் வழியாக வடிகட்டும் ஏற்பாடு மட்டும் கூடவே கூடாது.

பெண் என்பதால் எழும் கவலை

யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் பகலில் எடுத்த இரத்தத்தில் பொதுவாகத் தென்படாது. இரவில்தான் மேலோட்டமான இரத்த நாளங்களுக்கு வரும். அதனால் இரவு 9 மணிக்கு மேல் வீடு வீடாகப் போய் விரல்நுனியில் குத்தி இரத்தம் எடுப்போம். கைக்குழந்தை வீட்டில் இருந்த நாட்களிலும் நான் அந்தக் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். நான் பெண் என்பதால் கதவுகள் கூடுதலாகத்தான் திறந்தன. எனக்குச் சங்கடமாக இருந்தது இருட்டு அல்ல. போகிற இடத்தில் கழிப்பறை இல்லாததும், திரும்ப வண்டி இல்லாததும்தான். அவற்றைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது. இரவுப் பணிக்கு இருவராகப் போக வேண்டும், வண்டி காத்திருக்க வேண்டும் என்று விதியாக எழுதுங்கள். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் உங்கள் நிறுவனத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிய பேச்சே இல்லை. இல்லையென்றால் உடனே அமையுங்கள்.

மகப்பேறு விடுப்பைப் பொறுத்தவரை, 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்பது அவருடைய உரிமை. குழந்தை எப்போது என்று நேர்காணலில் கேட்காதீர்கள். அவர் ஆறு மாதம் இல்லாவிட்டால் பிரிவு படுத்துவிடும் என்றால், எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். களப்பணியாளர்களில் ஒருவரை முதல் ஆண்டிலேயே துணைப் பொறுப்புக்குப் பழக்குங்கள்.

சான்றிதழும் ஒப்பந்தமும்

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது தவறு. கல்விச் சான்றிதழைப் பிணைப்பொருளாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். அரசுத் திட்டங்களின் ஒப்பந்தப் பணி விளம்பரங்களில் வரும் 11 மாதக் கணக்கையும் நகலெடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையை ஒரு முறை கண்ணால் பார்த்தால்தான் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். அடுத்த மழைக்குத்தான் தடுக்க முடியும். மூன்று ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள். விலக நினைத்தால் இரண்டு தரப்பும் மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று இருந்தால் போதும்.

எதைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இல்லை

நம் மாநிலத்தில் 1939 முதலே பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்து சோதிப்பது, நோட்டீஸ் கொடுப்பது, நீர்நிலையை மூடுவது போன்ற அதிகாரங்களை அது அரசின் சுகாதார அலுவலர்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும்தான் தருகிறது. உங்கள் களப்பணியாளர் வீட்டாரின் சம்மதத்தோடுதான் தொட்டியைப் பார்க்க முடியும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் நீங்களாகக் குளோரின் கலக்கக் கூடாது. அளந்து பார்த்து, தொட்டி இயக்குபவரிடமும் ஊராட்சியிடமும் சொல்லலாம்.

உங்களுக்கு ஒரு கடமையும் இருக்கிறது. அறிவிக்கை செய்யப்பட்ட நோய்களை மருத்துவமனை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். காசநோய் 2012 முதல் அப்படித்தான். 2024-இல் பாம்புக்கடியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது; வயல்காட்டு மருத்துவமனையான உங்களுக்கு இது முக்கியம். "டெங்கு என்று வெளியே தெரிந்தால் ஊர் பெயர் கெடும்" என்று உங்கள் ஊழியர் ஒருவர் தயங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்தை அனுமதிக்காதீர்கள். புதிய தலைவர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே மாவட்ட சுகாதார அலுவலரையும் வட்டார மருத்துவ அலுவலரையும் நேரில் பார்த்து, யார் எதைச் செய்வது என்று பேசி எழுதிக்கொள்ளட்டும். அவர்களோடு போட்டி போடும் பிரிவாக உங்களுடையது ஆகிவிட்டால் 22 கிராமங்களுக்கும் நஷ்டம்.

கடைசி நேர்காணலை ஊரில் வையுங்கள்

கூட்ட அறையில் இன்னொரு சுற்றுக் கேள்வி வேண்டாம். மருத்துவரையும் ஆய்வாளரையும் தனித்தனி நாளில் ஒரே கிராமத்துக்குக் காலை 6 மணிக்கு அனுப்புங்கள். கூட ஒரு களப்பணியாளர் போகட்டும். வழிகாட்ட வேண்டாம், குறித்துக்கொண்டால் போதும். மாலையில் வந்து பார்த்ததைச் சொல்லச் சொல்லுங்கள். நடவுக்குக் கிளம்பும் பெண்களிடம் பேசினாரா? தொட்டி இயக்குபவரைத் தேடிப் பிடித்தாரா? மூடியிருந்த டிரம்மைத் திறந்து பார்த்தாரா? முக்கியமாக, குழாய் முடிகிற இடம் வரை போனாரா? நம் ஊர்களில் குழாயின் கடைசி பெரும்பாலும் காலனித் தெருவில்தான் முடிகிறது. கலங்கல் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும், காய்ச்சலும் அங்கேதான் தொடங்கும். ஊர்த்தெருவில் காபி குடித்துவிட்டுத் திரும்பியவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எடுக்காதீர்கள். நான் பரிந்துரைத்த மருத்துவருக்கும் இது பொருந்தும்.

இதையெல்லாம் ஆனி மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர வாரங்கள் ஆகும். சம்பா நடவு முடிந்து ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் புதியவருக்கு 22 கிராமங்களையும் நடந்து பார்க்க நேரம் வேண்டும்.

இன்னொரு வேலையை நாளைக்கே செய்யலாம். விலகிப்போன அந்த இளைஞருக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். அரிசி ஆலைப் பள்ளம் மூடப்பட்டுவிட்டது என்று சொல்லக்கூடிய நிலையில் பேசினால் இன்னும் நல்லது. தெருப் படங்கள் வரைந்த நோட்டுகள் அலுவலக அலமாரியில் கிடக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அவற்றைப் படிக்கும் விதத்தை வரப்போகிறவருக்கு அரை நாள் உட்கார்ந்து சொல்லித்தர முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.